பிசினும் என்னுது, குதிகாலும் என்னுது

எனக்கு என் வூட்டுக்காரரு மேல பொறாமை. வேற பொம்பளை சமாச்சாரம் ஒண்ணும் இல்ல, அதுக்கெல்லாம் அவருக்கு நேரமும் கெடையாது. அவரு வேலை மேல பொறாமை. அவரு கையில வெச்சிருக்கற டியூப் மேல பொறாமை. அந்த டியூபைப் பாத்து வாயைப் பொளக்கற சனங்க மேல அதை விட ஜாஸ்தி பொறாமை. எதிர்வூட்டுல புது ஃப்ரிட்ஜ் எறங்குனா வவுறு எரியறவங்களைப் பாத்து நான் சிரிப்பேன். அது சுலபம், கதவைச் சாத்திக்கினா தீந்துச்சி. ஒரே கொழம்பை ஊத்தித் துன்னுக்கினு, ஒரே ஃபேனுக்கு அடியில படுத்துக்கினு வவுறு எரியறது இருக்கே, அதுக்குத் தனித் தெம்பு வேணும். அது எனக்கு நெறையவே இருந்துச்சி.

ரெண்டு பேரும் கள்ளக்குறிச்சியில ஒரு தனியார் காலேஜுல ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே கைடு, அவங்களை நாங்க மேடம்னு மட்டும்தான் சொல்லுவோம். கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே ஒரே லேப், ஒரே வேலை: ஒரு ஜெல்லு. தலைக்குத் தடவற ஜெல்லு இல்ல. பித்தவெடிப்பு மேல போடறது. நம்ம தோலு இழுத்தா நீளுது, வுட்டா பழைய எடத்துக்கே வந்து ஒக்காந்துக்குது இல்லியா, அதைப் பாத்து அதே மாதிரி செய்யணும். முக்காவாசி தண்ணி, அந்தத் தண்ணியைப் புடிச்சி வெச்சிக்க கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை. நடக்கும்போது குதிகாலோட சேந்து நீளணும், சேந்து சுருங்கணும், புட்டுக்கினு வரக்கூடாது. சேத்துல நடவு நட்டவங்களுக்கும், மலையில வெறுங்காலோட நடக்கறவங்களுக்கும் இது எதுக்குன்னு வெளக்கம் தேவைப்படாது.

அந்த வலைக்கு ரெண்டு நூலு. ஒண்ணு என்னுது, புளியங்கொட்டைப் பிசின். கல்வராயன் மலையிலேருந்து மூட்டையா வாங்கியாந்து, கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, பருப்பைப் பொடிச்சி, தண்ணியில கொதிக்க வெச்சி, தெளிய வுட்டு, தெளிஞ்சதை ஸ்பிரிட்டுல ஊத்தணும். வெள்ளை வெளேர்னு தெரண்டு மேல வரும். அதுதான் பிசின். கேக்க லேசா இருக்கும். வறுவல் ஒரு துளி கூடிப் போனா மொத்தமும் பழுப்பாயிடும், கம்மியா இருந்தா தோலு வராது. பொடிக்கறதுக்கு லேபுல மெஷின் வாங்கித் தரல. என் அப்பா சீர் குடுத்த மிக்சியைத்தான் தூக்கினு போனேன். அது போன பின்னாடி வூட்டுல சட்னிக்கு அம்மியா வாங்க முடியும்னு அத்தை ஒரு மாசம் மொணமொணன்னாங்க. அத்தைன்னா என் மாமியார்.

இன்னொரு நூலு அவருது. காதைப் புடிச்சி இழுத்து வுட்டா அது பழையபடி போவுதே, அந்த வேலையைச் செய்யற புரதத்துக்கு எலாஸ்டின்னு பேரு. அதுல திரும்பத் திரும்ப வர்ற ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து, மணி கோக்கற மாதிரி நீளமாக் கோத்து, பாக்டீரியாவுக்குள்ள வளத்து எடுக்கறாரு. பெப்டைடுன்னு சொல்லுவோம். அதுக்கு ஒரு குணம் உண்டு. ஐஸுல வெச்சா தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். சூடு ஏறுனா பால் மாதிரி வெளுத்துத் தெரண்டுடும். திரும்ப ஐஸுல வெச்சா திரும்பத் தெளிஞ்சிடும்.

இந்த வித்தையாலதான் என் வாழ்க்கையே நாறுச்சி. லேபுக்கு யார் வந்தாலும் அவரு பெப்டைடு ஊத்துன அந்த டியூபை அவங்க உள்ளங்கையில வெச்சி மூடச் சொல்லுவாரு. கொஞ்ச நேரத்துல வெளுத்துடும். ஹான்னு ஒரு சத்தம் வரும். பிரின்சிபால் அதைச் சின்னப் புள்ள மாதிரி மாத்தி மாத்திப் பண்ணிப் பாத்தாரு. அப்புறம் நாகரிகத்துக்கு என் மேசைப் பக்கம் திரும்பி, பீக்கரைப் பாத்து, இது இன்னாம்மா கஞ்சியான்னு கேட்டாரு. ஆமாங்க சார், உப்பு மட்டும் போடலன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு, நான் சிரிக்கல.

ரெண்டு நூலையும் முடிச்சிப் போட்டதும் நான்தான். கடுக்காயைக் கடிச்சா நாக்கு இழுத்துப் புடிக்குதே, அது கடுக்காயில இருக்கற துவர்ப்பு எச்சில்ல இருக்கற புரதத்தைப் போய் கவ்விக்கறதால. அதே துவர்ப்பு அவரு பெப்டைடையும் கவ்வும், என் பிசினையும் கெட்டியாக்கும்னு எனக்குத் தோணுச்சி. கடுக்காய்க்கு மலையில பஞ்சமா. போட்டேன், புடிச்சிக்கிச்சி. நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமான்னு கேப்பாங்க. எங்க லேபுல அந்தக் கேள்வியே வரல, எல்லாரும் நெய்யைத்தான் மோந்து பாத்தாங்க.

அதோட முடியல. செஞ்ச ஜெல்லைக் காலுல போட்டு நடந்து பாக்கணும். ஊரான் காலுல போட ஆயிரம் அனுமதி வாங்கணும், பொண்டாட்டி காலுக்கு எவன் கேக்கப்போறான். எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்க அப்பாவோட கழனி, காலேஜ் சேர்ற வரைக்கும் லீவு நாளெல்லாம் நான் சேத்துலதான் நின்னேன். என் குதிகாலைப் பாத்தாலே தெரியும், ஒரு காசை சொருவி வெக்கலாம். அவரு குதிகாலு பேங்க் மேனேஜரு குதிகாலு. ஆக பிசினும் என்னுது, முடிச்சும் என்னுது, குதிகாலும் என்னுது. வெளியில கேட்டா, அதான் அந்தத் தம்பி ஒரு ஜெல்லு கண்டுபுடிச்சிருக்குதாமேன்னு சொல்லுவாங்க.

கல்யாணத்துக்கு முன்னாடி லேபுல நான் அவரை டேய்னுதான் கூப்புடுவேன். தாலி ஏறுன மறுநாளே அத்தை காதோட சொன்னாங்க, இனிமே ஏங்கன்னு கூப்புடு, நாலு பேரு பாக்கறாங்கன்னு. நான் மாறுனேன். அவருக்கு நான் நேத்தும் நீதான், இன்னிக்கும் நீதான். இதையெல்லாம் ஒரு கொறையா சொல்லணுமான்னு கேப்பீங்க. பொறாமைக்காரிக்குக் கணக்கு தனி, இதுவும் அதுல சேரும்.

இப்படி இருக்கும்போதுதான் மேடம் எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டு ஒக்கார வெச்சாங்க. வர்ற வருஷத்துலேருந்து ப்ராஜெக்டுல ஒரே ஒரு நிரந்தர வேலைதான். பணம் குடுக்கறவங்க அப்படித்தான் சொல்லிட்டாங்களாம். ரெண்டு பேருல யாருன்னு அவங்க வந்து பாத்துட்டுப் போன பின்னாடி முடிவாவும்னாங்க. முடிவாவும்னு வாய் சொல்லுச்சி, கண்ணு அவரையே பாத்துச்சி. அப்புறம் என்னைச் சமாதானம் பண்ற மாதிரி, "வூட்டுக்கு ஒருத்தருக்கு இருந்தா போதுமேம்மா"ன்னாங்க. அந்த வூட்டுக்கு அந்த ஒருத்தர் யாருன்னு நான் கேக்கல. கேட்டா அழுதுடுவேன்னு பயம்.

தியாகதுருகத்துல எங்க வூட்டுக்குச் சேதி போறதுக்குள்ள முடிவே ஆயிடுச்சி. அத்தை எனக்குத் தையல் மெஷின் வாங்கிக் குடுக்கறதப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. மாடியில ஒரு ரூமு எடுத்துப் புள்ளைங்களுக்கு டியூசன் எடுக்கலாம்னு மாமா சொன்னாரு. எல்லாரும் எனக்கு நல்லதுதான் நெனச்சாங்க. அவரு பாட்டுக்கு சாப்டுக்கினு இருந்தாரு. வேணாம்னு ஒரு வார்த்தை, அவளும் வேலை செய்யட்டும்னு ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். ரசம் கேட்டாரு. ஊத்துனேன்.

பணம் குடுக்கறவங்க ஜெல்லைக் காலேஜுல பாக்க மாட்டாங்களாம். யாருக்காகச் செய்யறீங்களோ அந்த எடத்துல வெச்சிக் காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. அதனால மார்கழி மாசத்துல வெள்ளிமலைக்குப் போக வேண்டியதாச்சி. அங்க மேடம் கொட்டையும் கடுக்காயும் சேத்து வெக்க ஒரு ஓட்டு வூட்டை வாடகைக்கு எடுத்திருந்தாங்க. மேடம் விருந்தாளிங்களோட மறுநாள் ஜீப்புல வர்றதா ஏற்பாடு, நாங்க ரெண்டு பேரும் மொத நாளே பஸ்ஸுல ஏறுனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ரோடு ஆரம்பிக்கற வரைக்கும் நல்ல வெயிலு. நெழல் படற பக்கம் ஜன்னலோர சீட்டை அவரு ஐஸ் பெட்டிக்குக் குடுத்தாரு. பெப்டைடு தெரண்டுடக் கூடாதாம். நான் கம்பியைப் புடிச்சிக்கினு நின்னேன். வளைவு திரும்பும்போதெல்லாம் அவரு கை அந்தப் பெட்டி மேல போச்சி. நிறைமாசப் பொண்டாட்டியைக் கூட ஒருத்தன் அப்படிப் புடிக்க மாட்டான்.

காலையில எழுந்தா வெளிய பனி மறைக்குது. சிமெண்டுத் தரையில காலை வெச்சதும் நடு மண்டை வரைக்கும் ஜில்லுனு ஏறுச்சி. விருந்தாளிங்க பதினோரு மணிக்கு வர்றதா பேச்சு, அதுக்குள்ள ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம்னாரு. வழக்கம் போல ஐஸுல வெச்சே கலந்தோம், பிசின், பெப்டைடு, கடைசியா கடுக்காய்த் தண்ணி. என் குதிகாலுல தடவுனாரு. காத்திருந்தோம். கள்ளக்குறிச்சியில காபி ஆத்தற நேரத்துல கெட்டியாயிடும். இங்க ஆவல. இன்னும் காத்திருந்தோம். எழுந்து நாலு அடி வெச்சேன், பால் ஆடை மாதிரி உரிஞ்சி தரையில ஒட்டிக்கிச்சி.

அவரு மூஞ்சி செத்துப் போச்சி. எனக்குள்ள இன்னா நடந்துச்சின்னு மறைக்காம சொல்றேன், சந்தோஷம். குளுகுளுன்னு ஒரு சந்தோஷம். ஜன்னலோர சீட்டுல வந்த மகாராணி தண்ணியா கெடந்தா. மானம் காத்த அந்தக் கொஞ்சம் வழவழப்பும் என் கஞ்சியும் கடுக்காயும் குடுத்ததுதான். வாய்க்குள்ள நாக்கைக் கடிச்சிக்கினு நின்னேன்.

ஏன்னு ரெண்டு பேருக்கும் ஒடனே புரிஞ்சிடுச்சி. அவரு அந்தப் பெப்டைடை உடம்புச் சூட்டுல தெரள்ற மாதிரி செஞ்சிருந்தாரு. உடம்புச் சூடு முப்பத்தேழு டிகிரின்னு புஸ்தகத்துல இருக்கு. மார்கழிக் காலையில வெள்ளிமலையில நிக்கற குதிகாலுக்குப் புஸ்தகம் தெரியுமா. தொட்டுப் பாத்தா கெணத்துப் படி மாதிரி இருந்துச்சி. எங்க ஊருல யாருக்கும் இது தோணவே இல்ல, மேடத்துக்கும் தோணல. நாங்க வெயிலுக்குப் பயந்தே வளந்தவங்க. பெப்டைடு சூடாயிடப் போவுது, சூடாயிடப் போவுதுன்னு ஐஸ், ஐஸ் மேல ஐஸ். குளிருன்னா எங்களுக்கு ஃபேனை ஒரு நம்பர் கொறைக்கறது, அவ்ளோதான்.

உப்பு சேத்தா கம்மிச் சூட்டுலயே தெரளும், சேக்கலாமான்னு கேட்டாரு. அதுக்கு எவ்ளோ உப்பு வேணும்னு எனக்குத் தெரியாதா. வெடிச்ச காலுல அதைத் தடவுனா மலையை வுட்டே ஓடுவாங்க. மொதல்ல உங்க காலை பிளேடால கீறிக்கினு போட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

பக்கத்து வூட்டு அம்மா குளிக்கத் தண்ணி காய வெச்சிக்கினு இருந்தாங்க. அடுப்புக்கிட்டப் போய் காலைக் காட்டிக்கினு நின்னேன். சந்தோஷம் அந்த அனல்லயே உருக ஆரம்பிச்சிடுச்சி. ஜெல்லு ஒட்டலன்னா அவரு தோப்பாரு, சரி. ப்ராஜெக்டே போயிடும், அதுல நான் எங்க. தையல் மெஷின். டியூசன். அப்பதான் கோவத்துல தோணுச்சி. சனியன் சூட்டுலதான் தெரளும்னா சூட்டுலயே தெரள வுட வேண்டியதுதானே. எதுக்கு ஐஸுல வெச்சிக் கொஞ்சறோம். சூடான பிசின்ல போட்டு, அது வெளுத்துத் தெரண்டு நிக்கும்போதே கடுக்காய்த் தண்ணியை ஊத்திப் பூட்டுப் போட்டுட்டா, அப்புறம் குளிர் வந்து தட்டுனாலும் தொறக்காது.

உள்ள போனேன். அவரு மிச்சம் இருந்த ஒரே டியூபை ஐஸுல வெச்சிப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தாரு. வேற டியூப் வேணும்னா திரும்ப பாக்டீரியா வளக்கறதுலேருந்து தொடங்கணும்.

"அதைக் குடுங்க"ன்னேன்.

"இன்னா பண்ணப் போற?"

"சுட வெக்கப் போறேன்."

அவரு என்னைப் பாத்தாரு. புள்ளையைத் தூக்கி அடுப்புல போடப் போறேன்னு சொன்ன மாதிரி பாத்தாரு. வெளக்கம் கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், தயாரா இருந்தேன். அவரு கேக்கல. டியூபைத் தொடச்சி என் கையில வெச்சாரு. நான் அந்த அம்மாகிட்ட ஒரு சின்ன குண்டான்ல வெந்நீ வாங்கி, அதுக்குள்ள பிசின் கிண்ணத்தை எறக்கி, சூடேறுன பின்னாடி பெப்டைடை ஊத்துனேன். குப்புனு வெளுத்துச்சி. ஒரே பக்கமா கிண்டிக்கினே கடுக்காய்த் தண்ணியைச் சொட்டு சொட்டா வுட்டேன். கரண்டி கனத்துச்சி. தூக்கிப் பாத்தா கூடவே நீண்டு வந்து திரும்ப உள்ள போச்சி. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல, வெதுவெதுப்பா இருக்கும்போதே குதிகாலுல அப்பிக்கினேன். வெளிய பனியில போய் நின்னேன். கெட்டியாத்தான் இருந்துச்சி.

விருந்தாளிங்க வந்து பாத்தாங்க. நான் வூட்டு வாசல்லேருந்து சரிவுல எறங்கி ரோடு வரைக்கும் வெறுங்காலோட போயிட்டு ஏறி வந்தேன். குந்தச் சொன்னாங்க, குந்துனேன். நுனிக்காலுல நிக்கச் சொன்னாங்க, நின்னேன். வெடிப்பு விரியும்போது அதுவும் விரிஞ்சிச்சி, மூடும்போது மூடுச்சி. ஒரு ஓரம் கூட எழும்பல. வந்தவங்கள்ல பெரியவரு ஒருத்தரு கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சி பாத்து, இது யாரு யோசனைன்னு கேட்டாரு. "இவங்க யோசனை சார், நான் ஐஸுல வெச்சிக் கெடுத்துக்கினு இருந்தேன்"ன்னு என் வூட்டுக்காரரு பளிச்சுனு சொன்னாரு. நான் தலை நிமிந்தேன். அந்தப் பெரியவரு நிமிந்து அவரைப் பாத்தாரு. இவ்ளோ வெளிப்படையாச் சொல்ல ஒரு மனசு வேணும்பான்னு அவரு தோளைத் தட்டுனாரு. நான் ஒத்தக் காலுல நின்னுக்கினு இருந்தேன்.

ஜீப்புல மலை எறங்கும்போதே மேடம் சொல்லிட்டாங்க, வேலை எனக்குத்தான்னு. பெப்டைடை எங்க வேணாலும் சொல்லிச் செஞ்சி வாங்கிக்கலாம், இதைச் சேக்கத் தெரிஞ்ச கையை வாங்க முடியாதுன்னு பெரியவரே சொன்னாராம். யானைக்கொரு காலம் பூனைக்கொரு காலம்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சி. அதுக்குள்ள மேடம் பின்னாடி திரும்பி, கடைசி டியூபையே தூக்கிக் குடுத்தியே, உனக்குப் பெரிய மனசுப்பான்னு அவருகிட்ட சொன்னாங்க. அவரு வெக்கமா சிரிச்சாரு. மூட்டை மூட்டையா நான் வறுத்துக் குடுத்த கொட்டையை யாரும் குடுத்ததாவே சொன்னதில்ல.

தியாகதுருகத்துல அத்தை ஒரு வாரம் கூட அழல. அப்புறம் தெருவுக்கே சொல்லிட்டாங்க, எம் புள்ள பொண்டாட்டிக்கு வேலையை வுட்டுக் குடுத்துட்டான்னு. வுட்டுக் குடுத்தானாம். ஊரு வாயை மூட ஒலைமூடி ஏது. என் அம்மா போன்ல, அந்தப் புள்ளையை நீ கையெடுத்துக் கும்புடணும்டின்னாங்க. நான் ஜெயிச்சேம்மான்னு சொன்னேன். அது இருக்கட்டும், ஆம்பளை வுட்டுக் குடுக்கறது லேசாடின்னாங்க. வேலை போனா நான் வூட்டுல ஒக்காரணும்னு எல்லாரும் பேசிக்கினு இருந்தப்போ, இவ வுட்டுக் குடுக்கறாளேன்னு ஒரு வாய் சொல்லுச்சா. அதுக்குப் பேரு அப்போ வுட்டுக் குடுக்கறது இல்ல, அதுக்குப் பேரே இல்ல.

பொறுக்க முடியாம ஒரு நாள் அவருகிட்டயே கேட்டேன். "நீங்களாவது சொல்லக் கூடாதா, நான் குடுக்கல, அவதான் ஜெயிச்சான்னு?"

"சொன்னேனே. பாரு, இன்னா தன்மையாப் பேசறான்னு அதுக்கும் புகழ்ந்தாங்க."

பாவம், பொய் சொல்ற ஆளு இல்ல. விழுப்புரத்துல வேற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு. அது வர்ற வரைக்கும் வூட்டு வேலையை அவருதான் பாக்கறாரு. சாம்பார்ல உப்பு சரியாவே போடறாரு, அதுவும் எனக்குக் கடுப்பு. காலையில நான் பஸ்ஸுக்குக் கெளம்பும்போது அவரு மாடியில துணி காயப்போட்டுக்கினு இருப்பாரு. நேத்து பால்காரரு வண்டியை நிறுத்திட்டு, எதிர்வூட்டு அக்காகிட்ட, இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளான்னு மேல காட்டிக்கினு இருந்தாரு. அக்கா கண்ணு கலங்கி நின்னாங்க. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே மாடியில, அதே கொடியில நான்தான் துணி காயப்போட்டேன். ஒருத்தரும் அண்ணாந்து பாக்கல.